எத்தனை தரம்

மல்லாகம் கோட்டில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை.
சாட்சிக் கூட்டுக்கும் பொலிஸ் மேசைக்கும் நடுவில்
ஃபான் காற்று எட்டாத ஒரு கதிரை.
இந்தப் பக்கம் விழுவதை எடுத்து
அந்தப் பக்கம் வைக்கவேண்டும்.
கூட்டக்கூடாது. குறைக்கக்கூடாது.

பதினொரு வருசம்.
கசிப்பும் காணியும் தவிர்த்தால்
மிச்சம் முழுக்க அடிதான்.

பஸ் நிலையத்தில் பிடிபட்ட பெடியன்
"சும்மா ரெண்டு போட்டனான் ஐயா" என்பான்.
வாங்கினவன் "வெளுத்துப்போட்டான்" என்பான்.
பார்த்து நின்றவர் "நல்ல பூசை" என்பார்,
கொஞ்சம் ருசியோடு.
செவிட்டைப் பொத்தி ஒன்று, மண்டையில் குட்டு,
சாத்தினது, மொத்தினது, விளாசினது,
"நான் நுள்ளக்கூட இல்லை" -
எல்லாவற்றுக்கும் படிவத்தில் இரண்டே பெட்டி:
ஆயுதம். கை.

றஞ்சிதமலரின் வழக்கு அன்று மூன்றாவது.
பொலிஸ் புத்தகத்தில், சித்திரையில், "அடித்தார்".
ஆஸ்பத்திரித் துண்டில் "விழுந்தது".
கூட்டில் ஏறினபோது "தட்டினவர்".
நீதவான் நிமிர்ந்து பார்க்க,
"கை பட்டது, ஐயா."
கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி
படி படியாக இறங்கினாள்.
நானும் ஒவ்வொரு படிக்கும்
சிங்களத்தில் ஒரு படி வெட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

எதிர்க்கூட்டில் வெல்டிங் கடைக் குகனேசன்.
தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்,
யாரோ இரவல் தந்த சாமான்கள் போல.
பிணையில் வந்தவன். நிபந்தனை:
அவளைப் பார்க்கக்கூடாது, கதைக்கக்கூடாது.

சார்ஜன் பொறுமை இழந்தார்.
கீ பாரக் கெஹுவத?
எத்தனை தரம் அடிச்சவர், என்று நான் கேட்டேன்.

"இண்டைக்கோ?" என்றாள்.
கைப்பைக்குள் ஏதோ முனகியது.
"பதினேழு."

பதினேழைத் தூக்கிச் சிங்களத்தில் வைத்தேன்.
சார்ஜனின் பேனை நின்றது.
குகனேசன் முதல்முறையாகத் தலை நிமிர்த்தினான்.

நீதவானுக்குத்தான் விளங்கியது.
"போனை எடுங்கோ பாப்பம்."
வரிசையாகப் பதினேழு சிவப்பு அம்பு.
காலை ஐந்து நாற்பதிலிருந்து, கோட்டு வாசல் வரை.
பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
பிணை அந்த இடத்திலேயே ஆட்டம் கண்டது.

நான் பிழையாகப் பெயர்க்கவில்லை.
அங்கும் அடிப்பது அதேதான்:
மேளமும் சாராயமும் போனும் ஆளும்.
பிழை இரண்டு மொழியிலும்
ஒரே இடத்தில் இருந்தது.

நாங்கள் மட்டும் என்ன.
ஷெல் அடித்த சுவருக்கு
போன கிழமை வெள்ளை அடித்தோம்.
வெயில் அடிக்குது என்று குடை பிடித்தோம்.
யாரும் எதனோடும் எதையும் மாறாடவில்லை.
அவளும் மாறாடவில்லை.
கேட்டதற்குக் கணக்குச் சொன்னாள்.
சித்திரையில் எத்தனை தரம் என்று
அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

ஃபோட்டோக்கொப்பிக் கடை வாசலில்
என்னைப் பின்னால் வந்து பிடித்தாள்.
"மிஸ், அவர் திரும்ப அடிச்சா எடுக்கட்டோ?"
எந்த அடி என்று கேட்க நாக்கு உன்னியது.
ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
எடுக்காதேங்கோ, என்றேன்.
தமிழில்தான் சொன்னேன்.
மொழிபெயர்ப்பு இல்லாமல்
அன்று நான் சொன்ன ஒரே வசனம்.

"நல்லூரில இந்த முறை அடியழிக்கிறன் எண்டு
நேர்ந்திருக்கிறன்" என்றாள்.
விழுந்து கும்பிட்டு, எழும்பி, ஒரு அடி வைத்து,
திரும்ப விழுந்து, வெளிவீதி முழுக்க,
சுடுமணலில்.
அந்தச் சொல்லை எங்கே தூக்கி வைப்பதென்று
நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பை மறுபடி முனகியது.
பார்க்காமலே சொன்னாள்:
"பதினெட்டு."